ஹைக்கூ வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் 11 உறுப்பினர்களுக்கும் வணக்கம். மீதி 23 பேருக்கும் அஞ்சலட்டை போட்டேன், வாட்ஸ்அப்பிலும் சொன்னேன். நீல டிக் விழுந்தது.

இவ்வாண்டு 9 கூட்டங்கள் நடந்தன. மழையால் 2 நின்றன. பொங்கலையொட்டிக் கவியரங்கம் நடந்தது.

ஜப்பானின் மூவரிக் குறுங்கவிதையான ஹைக்கூவை ஆங்கிலத்தில் எழுதுவது பற்றி நாம் போட்ட கையேட்டைக் குறித்துக் கொஞ்சம் சொல்ல வேண்டும். "தமிழ் வட்டத்துக்கு இங்கிலீஷ் எதற்கு?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் டீக்கடையில் கேட்டாராம். கூட்டத்தில் கேட்டிருக்கலாம். 1916-இல் பாரதியார் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதியதே, 'மாடர்ன் ரிவ்யூ' என்ற ஆங்கிலப் பத்திரிகையில் ஜப்பானியக் கவிஞர் நொகுச்சி எழுதியதைப் படித்துவிட்டுத்தான்.

அதே பெரியவர்தான் ஆகஸ்ட் கூட்டத்தில் ஒரு கல்லூரி மாணவியின் கவிதையை விரல்விட்டு எண்ணி, மூன்று வரிக்கும் 5-7-5 என்று 17 அசை இல்லை என்று தள்ளினார். அந்தப் பெண் அப்புறம் வரவேயில்லை. கையேட்டின் 4-ஆம் பக்கத்தை அவர் புரட்டியிருந்தால் போதும். ஜப்பானியர் எண்ணுவது அசையை (சிலபிளை) அல்ல, 'ஒன்' என்ற ஒலியலகை. ஜப்பானைக் குறிக்கும் 'நிப்பொன்' என்ற சொல் ஆங்கிலக் காதுக்கு 2 அசை. அவர்களுக்கு நி, ப், பொ, ன் என்று 4. நம் கட்டளைக் கலித்துறை என்ற பாவகையிலும் நிரையசையில் (இரண்டு எழுத்து சேர்ந்த அசையில்) தொடங்கும் அடிக்கு 17 எழுத்துதான், ஆனால் நாம் புள்ளி வைத்த ஒற்றெழுத்தைத் தள்ளி எண்ணுகிறோம், அவர்கள் சேர்த்து எண்ணுகிறார்கள். ஆங்கிலத்தில் 17 அசை போட்டால் கவிதை நீண்டுவிடும் என்று அங்கே பலர் குறைத்தே எழுதுகிறார்கள். அமெரிக்க நாவலாசிரியர் ரிச்சர்ட் ரைட் தன் கடைசிக் காலத்தில், உடல்நலமில்லாத நிலையில், 17 அசைக் கணக்கிலேயே சுமார் 4000 எழுதினார் என்பதையும் மறைக்காமல் 6-ஆம் பக்கத்தில் போட்டிருக்கிறேன்.

அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்ட் பாரிஸ் மெட்ரோவில் பார்த்த முகங்களை 30 வரியில் எழுதி, அழித்து, ஒன்றரை ஆண்டு கழித்து 2 வரியில் முடித்தார். 1913-இல் அது அச்சில் வந்தது. நம் கவியரங்கத்தில் அந்தத் துணிவு யாருக்கும் வரவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கின்றன. விவரம் பொருளாளரிடம். அச்சகத்துக்குக் கொஞ்சம் என் கைக்காசும் போயிருக்கிறது, அது கிடக்கட்டும். ஆண்டுச் சந்தா 200 ரூபாயை 14 பேர் கட்டியிருக்கிறார்கள். டீக்கடையில் கேள்வி கேட்டவர் அதில் இல்லை.

மாடியைத் தந்த வீட்டுக்காரருக்கும், சுண்டல் கொண்டுவந்த தலைவரின் துணைவியாருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு தன்கா, சென்ரியு என்ற மற்ற ஜப்பானியக் குறுங்கவிதை வகைகள் பற்றி இரண்டாம் கையேடு போட ஆசை. இளையவர் யாராவது பொறுப்பேற்றால் மகிழ்ச்சியோடு விலகிக்கொள்கிறேன். அச்சடித்த 300-இல் 41 விற்றது. மீதி 259-ம் என் கட்டிலுக்கடியில் இருக்கின்றன. பொறுப்போடு அவற்றையும் எடுத்துச்செல்ல ஒரு ஆட்டோ பிடித்து வந்தால் போதும்.