தலைமை தாங்கியவர் பெயர் தெரிந்தது, பேசிய விஷயம் தெரியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்ப் பொறியாளர் சங்கத்தில் சென்ற வாரம் நடந்த எரிசக்திக் கூட்டம் பற்றித் தங்கள் நாளிதழின் நெல்லைப் பதிப்பில் செய்தி வந்திருந்தது. தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வரவேற்றவர், வாழ்த்திப் பேசியவர், நன்றி சொன்னவர் என்று எல்லார் பெயரும் இருந்தது. பொன்னாடை போர்த்தும் படமும் போட்டிருந்தீர்கள். சிறப்புப் பேச்சாளர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினாரே, அவர் என்ன சொன்னார் என்று மட்டும் ஒரு வரி இல்லை.

நான் பொறியாளர் அல்ல. ஐ.டி.ஐ. முடித்துவிட்டுப் பாளையங்கோட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். அந்தச் சங்கத்தில் உறுப்பினராக முடியாது. ஆனால் மாதக் கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதால், கடையைப் பையனிடம் விட்டுவிட்டுப் போய்ப் பின்வரிசையில் உட்காருவேன். ஓய்வு பெற்ற மின்வாரிய, பொதுப்பணித் துறை ஆட்கள்தான் அதிகம். அப்புறம் கொஞ்சம் கல்லூரிப் பிள்ளைகள். வருகைப் பதிவுக்காகக் கூட்டி வரப்பட்டவர்கள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும். சுண்டல் நன்றாக இருக்கும்.

அன்று பேச்சு காற்றாலை பற்றி. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாருக்கும் வருகிற சந்தேகம்தான்: காற்று இந்த அடி அடிக்கிறதே, நடுவில் சில விசிறிகள் மட்டும் ஏன் நிற்கின்றன? ரிப்பேராக இருக்கும் என்போம், இல்லையென்றால் ஏதோ ஊழல் என்போம். பேச்சாளர் சொன்ன காரணம் வேறு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி இரண்டு மடங்கு ஆவதில்லை, எட்டு மடங்கு ஆகிறது. அதனால் தென்மேற்குப் பருவக் காற்று கணவாய் வழியாகப் புகுந்து வரும்போது மின்சாரம் திடீரென்று மலை போலக் குவியும். ஆனால் நடுராத்திரியில் அதை வாங்க ஆள் வேண்டுமே? மின் உற்பத்தியும் மின் செலவும் நொடிக்கு நொடி சமமாக இருந்தால்தான் கிரிட், அதாவது எல்லா மின் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் கம்பி வலை, 50 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 50 அலை) நிற்கும். செலவு குறைந்து உற்பத்தி ஏறினால் ஹெர்ட்ஸும் ஏறும். அனல் மின் நிலையத்தை நினைத்தவுடன் அணைத்து, நினைத்தவுடன் பற்றவைக்க முடியாது. ஆகவே சில நேரம் காற்றாலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வரும். ஓடக்கூடிய இயந்திரம்தான் சும்மா நிற்கிறது.

அப்படியானால் வெளி மாநிலத்துக்கு அனுப்பலாமே என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கூட்டத்திலேயே நல்ல கேள்வி அதுதான். 2013ஆம் ஆண்டின் கடைசி நாளில் கர்நாடகத்தின் ராய்ச்சூரையும் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரையும் இணைக்கும் 765 கிலோவோல்ட் மின்பாதை இணைக்கப்பட்ட பிறகுதான் தென்னிந்திய கிரிட் நாட்டின் மற்றப் பகுதிகளோடு ஒன்றாக ஓடத் தொடங்கியது என்றார் பேச்சாளர். 2012இல் நாம் மின்வெட்டில் வெந்துகொண்டிருந்தபோது, வடக்கே வாங்கலாம் என்றாலும் கொண்டுவரப் போதுமான பாதை இல்லை. இன்று புகளூருக்கும் சத்தீஸ்கரின் ராய்கருக்கும் நடுவே 6,000 மெகாவாட் கொண்டுபோகும் நேர்மின் (டி.சி.) பாதை இருக்கிறது. அதில் மின்சாரம் இரண்டு பக்கமும் போகலாம். இவ்வளவும் நம் வாசகர்களுக்குத் தெரிய வேண்டாமா? மின்வெட்டு வந்தால் முதல் பக்கத்தில் போடுகிறோம். ஏன் வந்தது என்று ஒருவர் உட்கார்ந்து விளக்கினால் விட்டுவிடுகிறோம்.

இன்னொரு விஷயம் இதைவிட அவசரமானது. வீட்டு மாடியில் சோலார் போட 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது என்பதால் எங்கள் தெருவில் பலர் போட்டுவிட்டார்கள். 'இனி கரண்ட் போனாலும் கவலை இல்லை' என்பது அவர்கள் நினைப்பு. பேட்டரி இல்லாமல் கிரிட்டோடு மட்டும் இணைத்த சாதாரண சோலார், கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். வெயில் கொளுத்தினாலும் வராது. அது இன்வெர்ட்டரின் (சோலார் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டியின்) கோளாறு அல்ல, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பீஸைப் பிடுங்கிவிட்டுக் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேன் மேல் நம் வீட்டு மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக. கேள்வி நேரத்தில் பேச்சாளர் இதைச் சொன்னதும் மண்டபத்தில் பாதிப் பேர் 'அப்படியா!' என்றார்கள். தங்கள் செய்தி வந்த அதே பக்கத்தின் அடியில் ஒரு சோலார் கடை விளம்பரம் இருந்தது. அதில் இதெல்லாம் இருக்காது. செய்தியில் இருந்திருக்கலாம்.

நானும் ஒன்று கேட்டேன். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் தெருக்களிலிருந்துதான் எனக்கு எரிந்த மோட்டார்கள் அதிகம் வருகின்றன. வோல்டேஜ் குறையும்போது மோட்டார் அதே வேலையைச் செய்ய அதிக ஆம்பியர் இழுக்கும், காயில் சூடேறிக் கருகும். இது எனக்குத் தெரியும். தெரியாதது, இதற்கு வழி என்ன என்பது. ஒரே பெரிய டிரான்ஸ்பார்மரிலிருந்து நீளமாகக் கம்பி இழுப்பதற்குப் பதில், சிறிய டிரான்ஸ்பார்மர்களை வீடுகளுக்குப் பக்கத்திலேயே வைத்தால் இந்த இறக்கம் குறையும் என்றார் பேச்சாளர். என் வியாபாரம் படுத்துவிடும், பரவாயில்லை.

குறை தங்கள் பக்கம் மட்டும் என்று சொல்ல மாட்டேன். சங்கத்துக்காரர்கள் திரையில் போடுவது முழுக்க ஆங்கிலம். வரவேற்புரைக்கும் வாழ்த்துரைக்கும் முக்கால் மணி நேரம், கேள்விக்குப் பத்து நிமிடம். வயர்மேன்களையும் பம்புசெட் விவசாயிகளையும் அழைப்பதாகத் தெரியவில்லை. பேச்சின் சாரத்தைத் தமிழில் ஒரு பக்கம் அடித்து வாசலில் கொடுத்தால் தங்கள் நிருபருக்கும் எழுத வசதியாக இருக்கும். செயலாளரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். பார்க்கலாம் என்றார்.

அடுத்த மாதம் பேட்டரி சேமிப்பு பற்றிப் பேச்சு இருக்கிறதாம். மத்தியான வெயிலில் வருவதை ராத்திரி விளக்கு வைக்கிற நேரத்துக்கு நகர்த்த பேட்டரி உதவும். ஆடிக் காற்றில் வருவதை மார்கழி வரை வைத்திருக்க அது உதவாது. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்குக் கட்டிவருவது போல, தண்ணீரை மேலே ஏற்றி வைத்துத் திரும்ப இறக்கும் நிலையங்களும் மணிக்கணக்குக்குத்தான். அப்படியென்றால் நம் பக்கத்துக் காற்றாலைகள் சீசனில் நிறுத்தப்படுவதற்கு என்ன ஏற்பாடு வரப்போகிறது? நிருபர் பொன்னாடைப் படத்தோடு கிளம்பிவிடாமல் கேள்வி நேரம் வரை இருந்து இதைக் கேட்டு எழுதினால், பெயர்ப் பட்டியலுக்கு இடம் போதாவிட்டாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தலைமை தாங்குகிறவர் வேண்டுமானால் கொஞ்சம் கோபிக்கலாம்.

இப்படிக்கு,
மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரர்,
பாளையங்கோட்டை.