குக்கிராமங்களையும் பெயரிட்டு எண்ணுங்கள்: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இயக்குநருக்குத் திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தமிழ்நாடு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். 2027 மார்ச் 1-ஆம் நாளை அடிப்படையாகக் கொண்ட கணக்கெடுப்பின் முடிவுகளை பல சிற்றூர்களை உள்ளடக்கிய நிர்வாக அலகான வருவாய்க் கிராமத்தின் அளவோடு நிறுத்திவிடாமல், அதற்குள் அடங்கிய குக்கிராம அளவிலும் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

2011 கணக்கெடுப்பு நம் மாநிலத்தில் பட்டியலிட்ட கிராமங்கள் ஏறத்தாழ 16 ஆயிரம். ஊரக வளர்ச்சித் துறையின் கணக்கிலுள்ள குக்கிராமங்களோ 79 ஆயிரத்துக்கும் மேல். மக்கள் தம் ஊர் என்று சொல்லும் இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு மக்கள்தொகை அட்டவணையில் பெயரும் இல்லை, குறியீட்டெண்ணும் இல்லை. கொல்லிமலையின் வளப்பூர் நாடு, சேளூர் நாடு போன்ற வருவாய்க் கிராமங்கள் அட்டவணையில் ஒவ்வொரு வரியாக முடிந்துவிடுகின்றன. மலைச்சரிவுகளில் சிதறிக் கிடக்கும் அவற்றின் சிற்றூர்கள் அந்த வரிக்குள் கரைந்துபோகின்றன.

இதனால் விளையும் கேடு, கணக்கெடுப்புத் துறை வெளியிடும் மாவட்டக் கையேட்டின் கிராம வசதிப் பட்டியலில் தெளிவாகத் தெரிகிறது. பள்ளியோ சுகாதார நிலையமோ கிராமத்தில் இல்லாவிட்டால், அது 5 கிலோமீட்டருக்குள் உள்ளதா, 5 முதல் 10-க்குள் உள்ளதா, அதற்கும் அப்பாலா என்று அங்கே குறிக்கப்படுகிறது. ஆனால் தாய்க் கிராமத்தில் பள்ளி இருந்துவிட்டால், ஓடைக்கு அப்பால் வெகுதொலைவில் இருக்கும் குக்கிராமத்துக்கும் பள்ளி உண்டு என்றே பொருளாகிவிடுகிறது. எழுத்தறிவு விகிதமும் கழிப்பறை விகிதமும் அவ்வாறே சராசரிக்குள் மறைகின்றன. ஊரை விட்டுத் தள்ளி வைக்கப்பட்ட பட்டியலினத்தவர் குடியிருப்புகளும் பழங்குடியினர் குடியிருப்புகளுமே இதில் அதிகம் இழக்கின்றன என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் வருவாய்க் கிராமத்தை அல்ல, குடியிருப்பையே அலகாகக் கொள்கிறது. சமவெளியில் 500 பேர், மலை மாநிலங்கள் போன்ற சிறப்புப் பகுதிகளில் 250 பேர் என்ற வரம்பும் அதற்கு உண்டு. அந்த எண்ணிக்கையைக் கணக்கெடுப்பு அட்டவணை நேராகத் தருவதில்லை. குடிநீருக்கு ஒரு பட்டியல், சாலைக்கு ஒரு பட்டியல் என்று துறைதோறும் தனித்தனிப் பட்டியல்கள் வளர்ந்திருப்பதற்கு இக்குறையும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

இது இயலாத காரியமன்று. அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை, நகராட்சித் தகுதி பெறாத ஊர்களையும் 1950 முதல் எல்லை வகுத்து எண்ணிவருகிறது. 2000-இல் அவற்றுக்கான குறைந்தபட்ச மக்கள்தொகை வரம்பையும் நீக்கிவிட்டது. இங்கும் கணக்கெடுப்பாளர்கள் குக்கிராமம் வரை நடந்தே செல்கிறார்கள். இம்முறை கைபேசிச் செயலியும் அவர்கள் கையில் இருக்கிறது. களத்தில் கண்ட ஊரை அட்டவணையில் தொலைக்காமல் காப்பதே இனிச் செய்ய வேண்டிய பணி.

புதூர் என்ற பெயரில் எத்தனையோ ஊர்கள் இருப்பதால், ஒவ்வொன்றுக்கும் நிலையான குறியீட்டெண்ணும் அமைவிடப் புள்ளியும் தேவை. ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. வரவேற்கத்தக்க அம்மாற்றத்தால் பழைய பதிவுகளோடு தொடர்பு அறுந்துவிடாதபடி, முந்தைய பெயரையும் பதிவேட்டில் இணைத்து வைக்க வேண்டும். மிகச் சிறிய ஊர்களில் தனிமனித விவரம் வெளிப்படும் என்ற அச்சம் நியாயமானதே. அங்கே வீடுகளின் எண்ணிக்கையையும் மொத்த மக்கள்தொகையையும் மட்டும் வெளியிட்டால் போதும்.

குக்கிராமப் பெயர்களின் வரைவுப் பட்டியலை 2027 ஜனவரி 26 கிராம சபைக் கூட்டங்களில் வாசித்து, விடுபட்ட ஊர்களை அங்கேயே சேர்க்க ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஊரகத் தரவுகளில் அக்கறை கொண்ட ஒரு குடிமகன்