படத்தில் இல்லாதவர்களுக்கு

ஊரூர் குப்பத்து அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், கடற்கரையோரக் குடியிருப்புகளில் வசிப்போருக்கும் வணக்கம்.

கடலாமைகளின் கடைசிக் கூடும் பொரிந்துவிட்டது. முட்டைகளை எடுத்துவந்து புதைத்துக் காத்த பொரிப்பகத்தின் மூங்கில் வேலியைப் பிரித்து அடுக்கிவிட்டோம். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நள்ளிரவில் நடந்து பங்குனி ஆமையின் முட்டைகளைக் காத்தவர்கள் என்று எங்கள் படம் நாளிதழில் வந்தது. அந்தப் படத்தில் இல்லாதவர்களுக்குத்தான் இந்த மடல்.

சனவரியில் ஓர் இரவு. மணலில் ஆமையின் தடம் தெளிவாக இருந்தது, கூடு மட்டும் அகப்படவில்லை. மூன்று பேரும் மணலைக் கம்பால் குத்திக்கொண்டிருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், படகோரம் படுத்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். ஏறிய தடத்தையும் இறங்கிய தடத்தையும் ஒருமுறை பார்த்தார். கம்பை வாங்கி, அழுத்தாமல் இறக்கினார். நான்காவது இடத்தில் அது வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. முழங்கை ஆழத்தில் முட்டைகள், மேசைப்பந்து போல வெள்ளையாக, ஈரமாக. மொத்தம் 112. பெயர் கேட்டோம், சிரித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அப்புறம் நாங்கள் கண்ட கூடுகளெல்லாம் அந்தக் கைப்பக்குவத்தால் கிடைத்தவை.

2025 சனவரியில் சென்னைக் கரையில் செத்த ஆமைகள் கூட்டம் கூட்டமாக ஒதுங்கியதை மறக்க முடியாது. ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவை வலைக்குள் மாட்டினால் மூச்சுமுட்டிச் சாகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவை வலை போடக்கூடாது என்பது விதி. இழுவை வலையே போடாத சிறு ஃபைபர் படகுக்காரர்களையும் சேர்த்துத்தான் ஊர் ஏசியது. அந்த நாட்களில்தான் ஓர் அக்கா, கிழிந்த வலையை மடியில் போட்டுப் பின்னிக்கொண்டிருந்தார். ஆமையை விடுவிக்க வீட்டுக்காரர் அறுத்த வலை. நாங்கள் வருத்தம் சொன்னபோது, "நூல் கடையில் கிடைக்கிறதே" என்றார், தலை நிமிராமல்.

வெளிச்சம் எங்கே கூடுதலோ அங்கேதான் குஞ்சு போகும். கடலை விட்டுச் சாலைக்கு ஏறிவிடும். மாடி விளக்கை அணைக்கக் கேட்டபோது திருட்டுப் பயத்தைச் சொல்லிக் குடியிருப்போர் சங்கத்தில் ஒருவர் கோபப்பட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான். கடல் பக்கம் ஒளி போகாதபடி விளக்குகளுக்கு மூடி செய்து மாட்டிய எலக்ட்ரீஷியன் கூலியே வாங்கவில்லை. கோபப்பட்டவரே ஏணி கொண்டுவந்தார்.

வெயில் ஏறியதும் பொரிப்பகத்துக்கு நிழல் போடக் கீற்று தந்தவர்களுக்கும், வனத்துறைக் காவலர்களுக்கும், 1988 முதல் இந்தக் கரையில் நடந்து எங்களுக்கு வழிகாட்டிய மாணவர் குழுவுக்கும் நன்றி.

அதிகாலை 4 மணிக்கே எங்களுக்காக அடுப்பு மூட்டிய டீக்கடை அண்ணனுக்கு இன்னும் 340 ரூபாய் பாக்கி இருக்கிறது. குப்பத்தில் இரவல் வாங்கிய மண்வெட்டியும் எங்களிடமே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரண்டோடும் வருகிறோம்.

நன்றியுடன்,
இரவு நடைக் குழுவினர்