பெராப்பிட் டயர்

அன்புள்ள தம்பி,

வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்று தடவை பேசி மூன்று தடவையும் அழித்துவிட்டேன், பேச ஆரம்பித்தால் எனக்குக் குரல் தானாக ஏறிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. மாக் மண்டினில் மூன்று நாளாக மழை. ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

நீ டிரெய்லர் ஓட்ட ஈ லைசன்ஸ் எடுக்கப் போவதாக அக்கா சொன்னாள். சரி. இருபத்தெட்டு வருஷம் டிரெய்லர் ஓட்டியவன் வீட்டில் இருக்கிறேன், நீ செந்துலில் எவனோ ஒரு டிரைவிங் ஸ்கூல்காரனிடம் போய் விசாரித்திருக்கிறாய்.

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் போன் செய்தேனே, மீட்டிங்கில் இருக்கிறேன் அப்பா என்று மெதுவாகச் சொன்னாய். பின்னால் பழைய பேப்பர் லாரி 'சூராட் கபார் லாமா' என்று ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போனது. பதினெட்டாவது மாடி ஆபிசில் அது எப்படிக் கேட்கும் என்று அன்றைக்கும் நான் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. ஆபிசில் எல்லாம் நன்றாகத்தானே போகிறது? மருமகள் எப்படி இருக்கிறாள்? என் கையில் கொஞ்சம் காசு சும்மாதான் கிடக்கிறது, தகவலுக்குச் சொல்லி வைக்கிறேன்.

இந்த வேலைக்கு ஈ லைசன்ஸ் மட்டும் போதாது, ஜிடிஎல் என்ற சரக்கு வண்டி லைசன்ஸும் தனியாக எடுக்க வேண்டும், வகுப்பும் உண்டு, டாக்டர் பரிசோதனையும் உண்டு. சம்பளம் பேசும்போது கம்பெனிக்காரன் டிரிப் காசையும் சேர்த்துப் பெரிதாகத்தான் சொல்வான். பேசிக் எவ்வளவு, ஈபிஎஃப் சேமநிதி எந்தச் சம்பளத்துக்குப் பிடிக்கிறாய் என்று கேள். எனக்குப் பேசிக்குக்கு மட்டும்தான் பிடித்தார்கள். 55 வயதில் கணக்கைப் பார்த்த அன்று நான் யாரிடமும் பேசவில்லை, உனக்கு ஞாபகம் இருக்கும். போர்ட் வாசலில் ஒரு கன்டெய்னர் பெட்டிக்கு எட்டு மணி நேரம் நின்றிருக்கிறேன், அதற்கு ஒரு சென் கிடையாது. கணக்குப் படித்தவன் நீ, இதையெல்லாம் என்னைவிட நன்றாகப் போட்டுப் பார்ப்பாய். உன் பட்டமளிப்பு போட்டோ நான் ரிட்டயர் ஆகும் வரை லாரிக் கண்ணாடிக்கு மேலேதான் செருகியிருந்தது, போர்ட் கார்டுகள் எல்லோருக்கும் காட்டியிருக்கிறேன். அந்தப் பையன் இப்போது அதே வாசலில் வந்து நிற்கப் போகிறேன் என்கிறான்.

தூக்கம் வந்தால் ஓரம் கட்டு. முதலில் அதைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

டிரெய்லர் மாட்டியதும், அதை லாரித் தலையோடு பிணைக்கிற கிங் பின் பூட்டியிருக்கிறதா என்று இறங்கிக் குனிந்து உன் கண்ணால் பார். அப்புறம் டிரெய்லர் பிரேக்கைப் போட்டபடியே முன்னால் ஓர் இழுப்பு இழுத்துப் பார். பெட்டி காலியாக இருந்தாலும் நான்கு மூலை ட்விஸ்ட் லாக்கையும் பூட்டு. மெனோரா சுரங்கம் தாண்டி ஈப்போ பக்கம் இறங்கும்போது மேலேயே கியரைக் குறைத்து எக்ஸாஸ்ட் பிரேக்கில் இறங்கு. காலாலேயே மிதித்துக்கொண்டு வந்தால் பிரேக் டிரம் சூடேறிவிடும், அப்புறம் முழுக்க மிதித்தாலும் பிடிக்காது. கீழே இருந்த ஜெலாப்பாங் டோலையே எடுத்துவிட்டார்கள், அங்கே அவ்வளவு விபத்து. இது எல்லாம் கற்றுக்கொள்ளலாம், உனக்கு மூளை இருக்கிறது. தூக்கத்தைத்தான் யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது. கோப்பி ஓ, அந்தக் கறுப்புக் காப்பிப் பொட்டலத்தை இண்டிகேட்டர் தண்டில் மாட்டிக்கொண்டு உறிஞ்சிக்கொண்டே போனால் சமாளித்துவிடலாம் என்று எவனாவது சொல்வான், நம்பாதே. ஓரம் கட்டு.

2025 மே 13, தெலுக் இந்தான் விபத்தை நீயும் பார்த்திருப்பாய். சித்ரா பௌர்ணமிக் காவலுக்கு வந்து திரும்பிய எஃப்ஆர்யூ கலகத் தடுப்புப் போலீஸ் வண்டியில் கல் லாரி மோதி ஒன்பது பேர் போனார்கள். அம்மா டிவியை அணைத்துவிட்டு, "உங்களுக்காவது டயர்தான் வெடிச்சது" என்றாள்.

பெராப்பிட் டயர். பெராப்பிட்டில் என் லாரி டயர் வெடித்த கதை. உன் பள்ளிக்கூடக் கட்டுரையில்கூட அதை எழுதி மார்க் வாங்கினாய்.

டயர் வெடிக்கவில்லை, தம்பி.

1998 ஜூலை 13, திங்கட்கிழமை. அதிகாலை மூன்று மணிக்கு உலகக் கிண்ண இறுதியாட்டம். கிள்ளானில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் நானும் முறுக்கு மாமாவும் உட்கார்ந்து பார்த்தோம். அவர் என் லாரியில் கெலிண்டான்தானே, கூட வரும் உதவியாள், வழியில் தூங்கிக்கொள்ளலாம். நான் போய் இரண்டு மணி நேரமாவது படுத்திருக்க வேண்டும். படுக்கவில்லை. பிரேசில் எப்படியும் திருப்பி அடிக்கும் என்று, ஜிடான் தலையால் முட்டிய இரண்டு கோலுக்குப் பிறகும் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். ஏழு மணிக்குப் பெட்டியோடு கிளம்பினோம். பெராப்பிட்டில் பட்டப்பகல், நல்ல வெயில், மழைகூட இல்லை. கண்ணைத் திறந்தபோது அவர் பக்கத்துக் கதவு தடுப்பில் உரசி உள்ளே நசுங்கியிருந்தது, அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டு சத்தமே போடாமல் என்னைப் பார்த்தார். டயர் என்று சொல்லிடுங்கண்ணே என்று நான்தான் சொன்னேன். அவர் அப்படியே சொன்னார், கடைசிவரை. தீபாவளிக்கு நம் வீட்டு முறுக்கு டின்னுக்கு முன்னால் அவர் வீட்டு டின் போனது அதனால்தான். அடியில் ஓர் உறையும் இருக்கும், அம்மாவுக்கு அது தெரியாது.

இத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. எஸ்பிஎம் முடித்துவிட்டு நீ பாலிடெக்னிக்கில் இஞ்சின் படிக்கிறேன் என்று நின்றாயே, அன்றைக்கு என் தோள் தழும்பைக் காட்டி, உங்களுக்காகத் தூக்கமில்லாமல் ஓடி வாங்கினது இது, நீ ஏசி ரூமில்தான் உட்கார வேண்டும் என்றேன். நீ அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. கணக்குப் படிப்புக்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டாய். பந்து பார்த்து வாங்கிய தழும்பை வைத்து உன்னை உட்கார வைத்தேன்.

ஆகவே ஓட்டாதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஓட்டு என்றும் சொல்ல வரவில்லை. அம்மாவிடம் டயர் விஷயத்தை நானே சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

வருகிற செவ்வாய்க்கிழமை இடிஎஸ் ரயில் ஏறி வருகிறேன். பதினொரு மணி வாக்கில் கேஎல் சென்ட்ரலில் இருப்பேன். மீட்டிங் இல்லையென்றால் வா.

அப்பா