யார் தூக்குவது? தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புத் தம்பிக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய இரண்டு படங்களையும் பார்த்தேன். ஒன்றில் கிரேட் டேன் குட்டி. உடம்புக்குப் பொருந்தாத பெரிய பாதங்களோடு உட்கார்ந்து நேராக நம்மையே பார்க்கிறது. இன்னொன்றில் உன் மனைவிக்குப் பிடித்த சிவாவா, ஒரு உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. "அக்கா, நம்ம வீடு சின்னது. அதனால சின்ன நாய்தான் சரின்னு இவ சொல்றா. நீ என்ன சொல்ற?" என்று கேட்டிருந்தாய். போனில் ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. 16 வருஷமாக நாய்களோடு வாழ்ந்தவள் நான், முதலில் கரியன், பிறகு அவனோடு மிளகும். இந்தக் கேள்வியை நான் அப்போது யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சில தவறுகளைச் செய்திருக்க மாட்டேன்.

முதலில் வீட்டின் அளவைத் தள்ளி வை. எல்லோரும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள், ஆனால் அது அவ்வளவு பெரிய விஷயமில்லை. கிரேட் டேன் வளர்ந்த பிறகு நாளின் பெரும்பகுதி படுத்தே கிடக்கும். ஓட்டப் பந்தயத்துக்கென்றே உருவான கிரேஹவுண்ட்கூட வீட்டுக்குள் மெத்தையை விட்டு இறங்காது. ஆறேழு கிலோ ஜாக் ரஸ்ஸல் டெரியரைக் கொண்டு வந்து பார், அதற்கு வேலை கொடுக்க முடியாமல் நீ களைத்துப்போவாய். உடம்பின் அளவு வேறு, சுறுசுறுப்பு வேறு. தினமும் வெளியே கூட்டிப்போக ஆள் இருந்தால் சின்ன வீட்டிலும் பெரிய நாய் நிம்மதியாக இருக்கும்.

நான் உன்னிடம் கேட்க நினைப்பது வேறு ஒன்று. அந்த நாயை யார் தூக்குவது?

கரியனை உனக்கு நினைவிருக்கும். லாப்ரடார் கலப்பு, 36 கிலோ. ஒன்பது வயது வரை அவனைத் தூக்கவேண்டி வரும் என்று எனக்குத் தோன்றியதேயில்லை. அவன்தான் என்னை இழுத்துக்கொண்டு போவான். பிறகு ஒரு காலையில் எழுந்திருக்கும்போது பின்னங்கால் வழுக்கியது. இடுப்பு மூட்டுக் கிண்ணத்தில் தொடை எலும்பின் தலை சரியாகப் பொருந்தாமல் தேய்ந்திருப்பதாக எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டர் சொன்னார். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய இனங்களில் இது அடிக்கடி வருவது, குட்டியாக இருக்கும்போதே தொடங்கிவிடும் என்றார். அதற்கப்புறம் ஒரு வருஷம், வயிற்றுக்கடியில் ஒரு துண்டைக் கொடுத்து இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, அவனைப் படியிறக்கி ஏற்றினோம். ஒரு நாளைக்கு நாலு தடவை.

கடைசி வாரத்தில் ஒருநாள் இரவு இரண்டு மணி இருக்கும். அத்தான் ஊரில் இல்லை. கரியனால் எழவே முடியவில்லை, மூச்சு வாங்கியது. போர்வையை விரித்து அவனை அதன் மேல் உருட்டி வாசல் வரை இழுத்துக்கொண்டு போனேன். கார்க் கதவைத் திறந்தேன். அந்த இருக்கையின் உயரத்துக்கு என்னால் அவனைத் தூக்க முடியவில்லை. முன்னங்காலை ஏற்றினால் பின்பக்கம் சரிகிறது. அவன் முனகவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி அவர்களை எழுப்பித்தான் ஏற்றினோம். அவன் போய் ஐந்து வருஷமாகிறது. அந்தப் பத்து நிமிஷத்தை மட்டும் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

பாப்பா தூங்கிப்போனால் இரண்டு மாடி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுகிறாயே, அவள் இப்போது 16 கிலோ இருப்பாளா? வளர்ந்த கிரேட் டேன் அதைப் போல நாலு மடங்கு. உங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் இல்லை.

பெரிய நாய்க்கு அந்த நாள் சீக்கிரமும் வந்துவிடும். யானை எலியைவிட நீண்ட காலம் வாழ்கிறது, பொதுவாகப் பெரிய விலங்குக்கு ஆயுள் அதிகம். நாய்களுக்குள் அது தலைகீழ். சிவாவா 14 வருஷமோ அதற்கு மேலுமோ இருக்கும். கிரேட் டேனுக்கு ஏழிலிருந்து பத்து வருஷம்தான். 2011-ல் உலகிலேயே உயரமான நாய் என்று கின்னஸில் பதிவான ஸ்யூஸ் ஒரு கிரேட் டேன். உயரம் 111.8 சென்டிமீட்டர். 2014-ல் அது இறந்தபோது அதற்கு வயது ஐந்து.

இது ஏன் என்று நிறையப் படித்தேன், கரியன் போன துக்கத்தில். 74 இனங்களின் வயதையும் மரணத்தையும் ஒப்பிட்டு 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. பெரிய நாய்களுக்கு முதுமை வெகு சீக்கிரம் தொடங்குவதைவிட, தொடங்கிய முதுமை வேகமாக ஓடுவதுதான் முக்கியக் காரணம் என்று அதில் கண்டார்கள். நான் கண்ணால் பார்த்ததும் அதுதான். நேற்று வரை ஓடியவன் ஆறே மாதத்தில் கிழவனானான். நாய்களின் உருவ வேறுபாட்டில் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சி ஹார்மோனின் மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு என்று 2007-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அரைக் கிலோவுக்குச் சற்று மேலாகப் பிறக்கும் ஒரு கிரேட் டேன் குட்டி, ஒரே வருஷத்தில் ஏறக்குறைய நூறு மடங்காகிறது. அந்த அவசர வளர்ச்சிக்கான விலையை அந்த உடம்பு எங்கேயோ கொடுத்துத்தானே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

பாப்பாவுக்கு இப்போது நாலு வயது. கிரேட் டேன் என்றால் அவள் பன்னிரண்டு வயதை ஒட்டி அதை இழப்பாள். சிவாவா என்றால் அவள் படிக்க வெளியூர் போன பிறகும் அது உங்கள் இருவரோடு இருக்கும், கண் மங்கி, பல் போய். இரண்டுமே கனமான விஷயம்தான். உன் மனைவியிடமும் இதைச் சொல். கையில் அடங்குகிற நாய் என்றால், பதினைந்து வருஷத்துக்கு ஒப்புக்கொள்கிறோம் என்று அர்த்தம்.

சின்ன நாய் சுலபம் என்று நினைத்துத்தான் நானும் மிளகை எடுத்து வந்தேன். பொமரேனியன், நாலு கிலோ, இப்போது 13 வயது. ஒரு கையால் தூக்கிவிடலாம், அது உண்மை. ஆனால் தூக்கினால் விழவும் செய்யும். அதற்கு இரண்டு வயதிருக்கும்போது, வீட்டுக்கு வந்த ஒரு குழந்தை ஆசையாக மடியில் வைத்துக்கொண்டது. அது துள்ளியது, குழந்தை விட்டுவிட்டது. நாற்காலி உயரம்தான். ஒரு முன்னங்காலின் இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன. மிகச் சின்ன இனங்களுக்கு அந்த எலும்பு பென்சில் கனம்தான் இருக்கும், மணிக்கட்டுப் பக்கம் ரத்த ஓட்டமும் குறைவு, அதனால் கூடுவதற்கு நாளாகும் என்று டாக்டர் விளக்கினார். தகடு வைத்துத் தைத்தார்கள். அந்தக் குழந்தை அழுத அழுகையும் எனக்கு மறக்காது. நாலு வயதுக் குழந்தை பிடிக்கவும் தெரியாமல் விடவும் தெரியாமல் இருக்கும். தவறு அதை மடியில் கொடுத்த என்னுடையது.

இன்னொன்று பல். எல்லா வளர்ந்த நாய்க்கும் 42 பல். கிரேட் டேனின் தாடையிலும் 42, சிவாவாவின் தாடையிலும் 42. இடமில்லாமல் நெருக்கியடித்து முளைப்பதால் இடுக்குகளில் அழுக்கு சேர்ந்து ஈறு கெட்டுவிடும். குட்டியிலிருந்தே தினமும் பல் தேய்த்துவிட வேண்டும். நான் தேய்க்கவில்லை. மிளகுக்கு ஒன்பது பல் எடுத்தாயிற்று. மூச்சுக்குழல் தளர்வதும் இந்தச் சின்ன இனங்களில் உண்டு. உற்சாகம் வந்தால் வாத்து கத்துவது போல இருமும். அதனால் கழுத்தில் பட்டை போட்டு இழுக்காமல் மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ்தான் போடுகிறோம். முழங்கால் சில்லு நழுவுவது, இதய வால்வு கசிவது என்று பட்டியல் நீளும், எல்லா நாய்க்கும் எல்லாமும் வராது.

ஆனால் மிளகு விஷயத்தில் நான் செய்த பெரிய தவறு இவை எதுவுமில்லை. மிளகு குட்டியாக இருந்தபோது யாராவது தொட வந்தால் உறுமும். நாங்கள் சிரித்தோம். "பாரேன், இத்துணூண்டு இருந்துக்கிட்டு என்ன கோபம்" என்று வீடியோ எடுத்து உங்களுக்கெல்லாம் அனுப்பினோம். கரியன் அப்படி ஒருமுறை உறுமியிருந்தால் அன்றைக்கே பயிற்சியாளரைத் தேடிப் போயிருப்போம். ஆஸ்திரியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய் வளர்ப்பவர்களைக் கேட்டு ஓர் ஆய்வை 2010-ல் வெளியிட்டார்கள். சின்ன நாய் வைத்திருப்பவர்கள் பயிற்சியும் குறைவாகக் கொடுக்கிறார்கள், விளையாட்டும் குறைவு, இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று என்று நடந்துகொள்கிறார்கள், அந்த நாய்களிடம் பயமும் சீற்றமும் கூடுதலாக இருக்கிறது என்றார்கள். படித்தபோது எங்கள் வீட்டைப் பற்றியே எழுதியிருப்பது போலிருந்தது.

யோசித்துப் பார். நம் முழங்காலுக்குக் கீழே ஓர் உலகம். எந்த நேரத்திலும் ஒரு கை மேலிருந்து வந்து கேட்காமல் தூக்கிவிடும். "வேண்டாம்" என்று சொல்ல அதற்கு இருக்கிற ஒரே வார்த்தை அந்த உறுமல். அதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். உறுமி உறுமிப் பலனில்லை என்று தெரிந்ததும் கடிக்கத் தொடங்கியது. அதற்கு ஆறு வயதான பிறகுதான், குனிந்து உட்கார்ந்து, கையை நீட்டிக் காத்திருந்து, அதுவாக வந்தால் மட்டும் தூக்குவது என்று மாற்றிக்கொண்டோம். எட்டே மாதத்தில் வேறு நாயாகிவிட்டது. அந்த ஆறு வருஷத்தை நினைத்தால் அதனிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றும்.

பெரிய நாய்க்குப் பயிற்சி கொடுக்காமல் விடவே முடியாது, அது ஒரு வகையில் நல்லதுதான். கயிற்றை இழுக்காமல் நடக்க நாலு மாதத்துக்குள் பழக்கிவிட வேண்டும், ஏனென்றால் எட்டாவது மாதத்தில் அது உன்னைவிட வலுவாக இருக்கும். அன்பாக முட்டினாலே அப்பா விழுந்துவிடுவார். கடித்தாலோ, சின்ன நாயின் கடி போல மருந்து வைத்துக் கட்டுவதோடு முடியாது.

கிரேட் டேன் எடுப்பதானால் இதை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள். ஆழமான மார்புள்ள பெரிய இனங்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் ஓர் ஆபத்து உண்டு. வயிறு பம்மென்று இருக்கும், வாந்தி எடுக்க முயலும் ஆனால் ஒன்றும் வராது, ஓரிடத்தில் நிற்காமல் தவிக்கும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் காலையில் நாய் இருக்காது. சில மணி நேரம்தான் அவகாசம். கருத்தடை செய்யும்போதே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிடலாம், முறுக்குவதைப் பெரும்பாலும் அது தடுக்கும். இந்த இனத்துக்கு அதைச் செய்துவிடுவது நல்லது என்பது என் எண்ணம். டாக்டரிடம் கேள்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். எடை எத்தனை மடங்கு கூடுகிறதோ அத்தனை மடங்கு சாப்பாடு தேவைப்படாது. 60 கிலோ நாய் 3 கிலோ நாயைப் போல 20 மடங்கு எடை, ஆனால் அதற்குத் தேவையான கலோரி சுமார் பத்து மடங்குதான். மருந்தும் மயக்க மருந்தும் அப்படியில்லை, பெரும்பாலும் கிலோக் கணக்குதான். பெரிய இனக் குட்டிக்குக் கால்சியம் அதிகமாகப் போனால் எலும்பு கெடும், அதற்கென்று உள்ள உணவைத்தான் கொடுக்க வேண்டும். மிகச் சின்னக் குட்டி சில வேளை சாப்பிடாமல் விட்டாலே சர்க்கரை குறைந்து மயங்கிவிடும். பயணம் போவதென்றால் சின்ன நாய் பைக்குள்ளேயே வந்துவிடும், அதில் போட்டியே இல்லை.

இத்தனையும் எழுதிவிட்டு, பெரிய நாய் வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துவிடாதே. எனக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்திருந்தபோது கரியன் கட்டிலுக்குக் கீழே வந்து படுத்து, முதுகை என் தொங்கிய கையில் சாய்த்துக்கொண்டு கிடப்பான். அந்தக் கனத்தில் ஓர் ஆறுதல் இருந்தது. மிளகு எவ்வளவு நெருங்கிப் படுத்தாலும் அந்தக் கனம் வராது. மிளகின் அன்பு வேறு மாதிரி. அது என் கழுத்து மடிப்புக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு தூங்கும். இரண்டையும் வாழ்க்கையில் பெற்றதற்கு நான் கொடுத்துவைத்தவள்.

உனக்கு என் பதில் இதுதான். இப்போதைக்கு இரண்டு படங்களில் இருப்பதும் வேண்டாம். பாப்பாவுக்கு ஏழெட்டு வயது ஆகும்வரை சிவாவா வேண்டாம், அது அந்த நாயின் நன்மைக்காகச் சொல்கிறேன். அப்பா ஊன்றுகோலோடு நடக்கிற வீட்டில், லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடியில், கிரேட் டேனும் வேண்டாம். உனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த ஆசை என்று எனக்குத் தெரியும், அதனால் இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். காப்பகங்களில் இரண்டு மூன்று வயதான, 15 கிலோ வாக்கில் உள்ள கலப்பின நாய்கள் இருக்கும். வளர்ந்த நாய் என்றால் எவ்வளவு பெரிதாகுமோ என்ற கேள்வி இல்லை, குழந்தைகளிடம் எப்படி இருக்கிறது என்றும் முன்னாலேயே பார்த்துக்கொள்ளலாம். நீ ஒருவனே தூக்கி மாடி ஏறலாம். அவசரத்துக்கு உன் மனைவியாலும் முடியும்.

ஞாயிற்றுக்கிழமை மிளகை அழைத்துக்கொண்டு வருகிறேன். பாப்பாவைத் தரையில் உட்கார வைத்துக் கையை நீட்டச் சொல்வோம். மிளகு அவளிடம் வர எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கட்டும். அவளால் காத்திருக்க முடிகிறதா என்று நீயும் பக்கத்தில் உட்கார்ந்து பார்.

அன்புடன்,
அக்கா