கென்யா என்றால் சிங்கம் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் பயணப் பக்கத்தில் கென்யா பற்றிய கட்டுரையைப் படித்தேன். மசாய் மாரா, அம்போசெலி, நகுரு ஏரி என்று விலங்குகளையும் பறவைகளையும் பற்றி விரிவாக இருந்தது; மகிழ்ச்சி. கடற்கரைக்கு மட்டும் 'மொம்பாசாவில் ஓய்வெடுக்கலாம்' என்று ஒரே வரி. மகள் வீட்டில் இரண்டு மாதம் மொம்பாசாவில் தங்கிவிட்டு வந்தவள் நான். அந்த ஒரு வரி மனசுக்கு ஒப்பவில்லை.

32 வருடம் பள்ளியில் வரலாறு நடத்தினேன். '1498, வாஸ்கோடகாமா, கோழிக்கோடு' என்று எத்தனையோ பிள்ளைகளை ஒப்பிக்க வைத்திருக்கிறேன். கென்யக் கரையிலுள்ள மாலிந்தியில் போர்த்துக்கீசியர் நட்ட சிலுவைத் தூணுக்குப் பக்கத்தில் நின்றபோதுதான், பாடத்தில் நடுவே ஒரு ஊர் விடுபட்டுப் போனது உறைத்தது. மாலிந்தி அரசர் கொடுத்த மாலுமி வழிகாட்ட, ஏப்ரல் 24 அன்று அங்கிருந்து கிளம்பிய கப்பல்கள் மே 20-க்கெல்லாம் கோழிக்கோட்டுப் பக்கம் வந்து சேர்ந்தன. அந்தக் கரைக்காரர்களுக்கு அது பழகிய வழி. வடக்கிலிருந்து வீசும் காற்றைக் 'கஸ்காசி' என்றும் தெற்குக் காற்றைக் 'கூசி' என்றும் சொல்லி, அவற்றை நம்பியே பாய்மரம் ஓட்டியவர்கள். தோணிகளைப் பார்த்தே வளர்ந்த எனக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

மாலிந்திக்குக் கொஞ்சம் தெற்கே, காட்டுக்குள் இருக்கிறது கெடி. 17-ஆம் நூற்றாண்டில் மக்கள் விட்டுப் போன ஊர். அரண்மனை, பெரிய பள்ளிவாசல், ஆழக் கிணறுகள், எல்லாம் பவளக்கல்லும் சுண்ணாம்பும். தனுஷ்கோடி தேவாலயத்தின் இடிந்த சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொரசொரப்பு உடனே தெரியும். தோண்டியபோது கிடைத்த பொருள்களை வைத்தே வீடுகளுக்குப் பெயர்: கத்தரிக்கோல் வீடு, இரும்பு விளக்கு வீடு. சீனப் பீங்கானும் கிடைத்திருக்கிறது. ஹிஜ்ரி 802, அதாவது 1399 என்று ஆண்டு பொறித்த கல்லறை ஒன்று இருக்கிறது. அதன் முன் வெகுநேரம் நின்றேன். 2024-இல்தான் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மொம்பாசாவின் இயேசு கோட்டையை (1593-இல் போர்த்துக்கீசியர் கட்டத் தொடங்கியது) அவசியம் பாருங்கள். ஓமானியர் 1696 முதல் 1698 வரை அதை முற்றுகையிட்டிருந்தபோது போர்த்துக்கீசியருக்கு உதவிக்கு வந்து மூழ்கிய கப்பல், மும்பைக்குப் பக்கத்திலுள்ள நம் வசாய் ஊரில் கட்டியது. கடலடியிலிருந்து எடுத்த அதன் பொருள்கள் உள்ளே காட்சிக்கு இருக்கின்றன.

லாமு தீவுக்கு இரண்டு நாளாவது ஒதுக்க வேண்டும். சந்துகளில் கழுதைதான் வண்டி. கூரைக்குக் கண்டல் மரக் கழிகளைப் போடுவதால், கழி எவ்வளவு நீளமோ அதற்குமேல் அறையின் அகலம் போகாது. வாசலில் திண்ணை! வந்தவர்கள் முதலில் அங்கே உட்கார வேண்டும். காலையில் தேங்காய்ப்பாலில் வெந்த துவரையும் 'மஹம்ரி' என்ற இனிப்புப் பூரியும் கிடைக்கும்.

என் தங்கை குடும்பம் போன வருடம் ஒரு பயண நிறுவனத்தின் மூலம் கென்யா போய் வந்தது. ஏழு நாளும் ஜீப்பில் சுற்றல். கடலைக் கண்ணால் பார்க்கவில்லை. இத்தனைக்கும் நைரோபியிலிருந்து மொம்பாசாவுக்கு 2017 முதல் புது ரயில் ஓடுகிறது. காலையில் ஏறினால் மதியத்துக்குள் இறங்கிவிடலாம். கேட்டால், 'ஆட்கள் சிங்கம்தான் கேட்கிறார்கள்' என்றாராம் ஏற்பாட்டாளர். மற்றது இருப்பதே தெரியாதவர்கள் எப்படிக் கேட்பார்கள்?

ஆகவே அந்தக் கரைக்கென்று ஒரு முழுப்பக்கம் வெளியிடுங்கள். ஏப்ரல், மே பெருமழைக் காலம் என்பதையும், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிளம்புவதற்குப் பத்து நாளுக்கு முன்பே போட்டுக்கொண்டு சான்றிதழைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதையும் அதில் சேருங்கள். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலேயே கேட்பார்கள்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
தூத்துக்குடி.