வாட்டைப் பார்த்து சர்வோ மோட்டார் வாங்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தங்கள் நாளிதழின் தொழில் பக்கத்தில் தானியங்கி எந்திரங்கள் பற்றி வந்த கட்டுரையில், பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டு அதே வாட் உள்ள சர்வோவை (நிலையையும் வேகத்தையும் அளந்து திருத்திக்கொண்டே ஓடும் மோட்டார்) பொருத்தினால் போதும் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. கட்டுரையின் மற்ற பகுதிகளோடு எங்களுக்குச் சண்டை இல்லை. இந்த வரியை நம்பிக் கொள்முதல் செய்கிறவர்கள் பிறகு "மோட்டார் சரியில்லை" என்று திருப்பி அனுப்புவதுதான் வழக்கமாக நடக்கிறது. அதனால் இதை எழுதுகிறோம்.

வாட் என்பது டார்க்கையும் (தண்டைத் திருப்பும் விசை) வேகத்தையும் பெருக்கி வரும் எண். 400 வாட் மோட்டார் 3000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வகையாக இருந்தால் தொடர்ந்து தரக்கூடிய டார்க் 1.27 நியூட்டன் மீட்டர். 1500 ஆர்பிஎம் வகை என்றால் 2.55. பெயர்ப்பலகையில் இரண்டுக்கும் 400 என்றே இருக்கும். ஆகவே முதலில் எழுதவேண்டியது எந்திரத்தின் ஓட்டச் சுழற்சி: எத்தனை கிலோ, எவ்வளவு தூரம், எவ்வளவு நேரத்தில் வேகமெடுத்து எவ்வளவு நேரத்தில் நிற்க வேண்டும், இடையில் எவ்வளவு ஓய்வு.

ஒரு கணக்கு. 50 கிலோ மேசை, 20 மி.மீ. விட்டமும் 800 மி.மீ. நீளமும் 10 மி.மீ. லீடும் (ஒரு சுற்றுக்கு மேசை நகரும் தூரம்) கொண்ட பால் ஸ்க்ரூவில் (நட்டுக்குள் குண்டுகள் உருளும் திருகுத் தண்டு) படுக்கைவாட்டில் ஓடுகிறது. நொடிக்கு 500 மி.மீ. வேகம் வேண்டுமென்றால் மோட்டார் 3000 ஆர்பிஎம் சுற்ற வேண்டும். மேசையின் இனர்ஷியா (வேக மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) மோட்டார் தண்டில் 1.27 கிலோ-சதுர செ.மீ. ஆகத் தெரியும். ஸ்க்ரூவின் சொந்த இனர்ஷியா 0.99. பலரும் கணக்கில் விடுவது இதைத்தான். மேசைக்கு ஏறக்குறைய ஈடாக நிற்கிறது பாருங்கள். இது விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும் என்பதால், 'பலமாக இருக்கட்டும்' என்று 25 மி.மீ. ஸ்க்ரூ போட்டால் சுமார் 2.4 மடங்காகிவிடும்.

0.1 நொடியில் வேகமெடுத்து, 0.2 நொடி ஓடி, 0.1 நொடியில் நின்று, 0.1 நொடி ஓய்வு. உராய்வுக்கு 0.15 நியூட்டன் மீட்டர் சேர்த்தால் வேகமெடுக்கும்போது தேவை 0.94, நிற்கும்போது 0.64. முழுச் சுழற்சிக்கும் ஆர்எம்எஸ் சராசரி (வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம்) 0.52 தான். 1.27 தரும் மோட்டாருக்கு இது பாதிகூட இல்லை. டார்க்கை மட்டும் பார்த்தால் 400 வாட் தாராளம்.

ஆனால் குறைந்த இனர்ஷியா வகை 400 வாட் மோட்டாரில் ரோட்டாரின் (சுழலும் உள்பகுதி) இனர்ஷியா 0.26 அளவில்தான் இருக்கும். சுமை, மேசையும் ஸ்க்ரூவும் சேர்த்து, 2.26. ரோட்டாரோடு அதன் விகிதம் கிட்டத்தட்ட 9. தயாரிப்பாளர்களின் கையேடுகள் 10, 15, சில 30 வரைகூட அனுமதிக்கின்றன. ஆனால் அது ஓடும் என்பதற்கான அனுமதி, துல்லியமாக உடனே நிற்கும் என்பதற்கு அல்ல. கப்ளிங்கும் (மோட்டார் தண்டை ஸ்க்ரூவோடு இணைக்கும் துண்டு) ஸ்க்ரூவும் சிறிதளவு முறுகும். விகிதம் கூடினால் மோட்டார் நின்றபின்னும் மேசை ஆடி அடங்க நேரமெடுக்கும். டிரைவில் (மோட்டாரை இயக்கும் மின்னணுப் பெட்டி) கெயினை, அதாவது பிழையைத் திருத்தும் வேகத்தை, ஏற்றினால் உறுமும், இறக்கினால் சுழற்சி நேரம் நீளும். அடிக்கடி நின்று கிளம்பும் எந்திரத்தில் 5-க்குள் வைப்பது நல்லது. இங்கே வாட்டை ஏற்ற வேண்டியதில்லை. அதே 400 வாட்டில் ரோட்டார் இனர்ஷியா 0.6 உள்ள வகையை எடுத்தால் விகிதம் 4-க்குக் கீழே வந்துவிடும். வேகமெடுக்கும் டார்க் சற்றே கூடும், அதற்கு இடமிருக்கிறது. கியர்பாக்ஸ் போட்டால் விகிதம் பல்விகிதத்தின் வர்க்கத்தால் குறையும் என்பது உண்மை. 3-க்கு 1 போட்டால் ஒன்பதில் ஒரு பங்கு. ஆனால் இதே வேகத்துக்கு மோட்டார் 9000 ஆர்பிஎம் ஓட வேண்டியிருக்கும், அது நடக்காது.

வேகம் வரவில்லை என்ற புகாரின் பின்னால் பெரும்பாலும் மோட்டார் இருப்பதில்லை. பிஎல்சியின் (எந்திரத்துக்குக் கட்டளையிடும் சிறு கணினி) பல்ஸ் வெளியீடு இருக்கிறது; ஒவ்வொரு பல்ஸும் மோட்டாரை ஒரு படி நகர்த்தும் மின்துடிப்பு. ஒரு பல்ஸுக்கு 1 மைக்ரான் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 10,000 பல்ஸ். 3000 ஆர்பிஎம்முக்கு நொடிக்கு 5 லட்சம். சிறிய பிஎல்சிகளின் டிரான்சிஸ்டர் வெளியீடு பல சமயம் 1 லட்சத்தோடு நின்றுவிடும். அப்போது மோட்டார் 600 ஆர்பிஎம்மைத் தாண்டாது. 5 மைக்ரான் போதுமென்றால் எலக்ட்ரானிக் கியர் விகிதத்தை (ஒரு பல்ஸுக்கு எவ்வளவு நகர்வு என்ற டிரைவ் அமைப்பு) மாற்றினாலே சரியாகும். போதாதென்றால் இன்னும் வேகமாகப் பல்ஸ் தரும் லைன் டிரைவர் வெளியீடோ, பல்ஸுக்குப் பதில் தரவுக் கேபிளில் கட்டளை பெறும் நெட்வொர்க் வகை டிரைவோ வேண்டும். இதை ஆர்டர் போடும் முன்பே பார்க்க வேண்டும்.

பொருத்துவதில் முதல் விதி: தண்டில் சுத்தியல் படக்கூடாது. வால்பக்கத்தில் என்கோடர் (தண்டு சுழன்ற கோணத்தை அளக்கும் உணரி) இருக்கிறது. அடி நேராக அங்கே போகும். கப்ளிங்கையோ புல்லியையோ தண்டு நுனியில் உள்ள மரைத்துளையில் போல்ட் போட்டு இழுத்து ஏற்றுங்கள். டயல் கேஜ் (நுண்ணிய விலகலைக் காட்டும் அளவி) வைத்து நான்கு திசையிலும் பார்த்து, மையவிலகலை 0.03 மி.மீ.க்குள் கொண்டுவாருங்கள். கப்ளிங் வளைந்துகொடுக்கும் என்று விட்டால் கப்ளிங் தாங்கும், பேரிங் தாங்காது. டைமிங் பெல்ட் என்றால் இழுவிசையைக் கையால் அழுத்திப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பல 400 வாட் மோட்டார்களின் தண்டு தாங்கும் பக்கவிசை 245 நியூட்டன், அதாவது 25 கிலோ எடையளவு. கியர்பாக்ஸ் எண்ணெய் தண்டுப் பக்கம் வருமென்றால் ஆயில் சீல் உள்ள மாடலையே கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: கையேட்டிலுள்ள டார்க், மோட்டாரை 250-க்கு 250 மி.மீ., 6 மி.மீ. தடிமன் போன்ற அலுமினியத் தகட்டில் பொருத்தி அளந்தது. சின்ன பிராக்கெட்டிலோ பேக்கலைட்டிலோ மாட்டினால் சூடு வெளியேற வழியில்லை. அந்த டார்க் கிடைக்காது.

வயரிங்கில், இண்டக்‌ஷன் மோட்டார் பழக்கத்தில் திசை மாற்ற இரண்டு ஃபேஸை மாற்றிப் போடுகிறார்கள். சர்வோவில் யு, வி, டபிள்யூ மூன்றும் என்கோடரோடு பிணைந்தவை. மாற்றினால் திசை மாறாது. ஆன் செய்ததும் துள்ளும், அல்லது ஓவர்லோடு அலாரம் வரும். திசையை பாராமீட்டரில் மாற்றுங்கள். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே கான்டாக்டர் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) வேண்டாம். பவர் கேபிளும் என்கோடர் கேபிளும் குறைந்தது 200 மி.மீ. விலகி ஓடட்டும், குறுக்கிட்டால் செங்குத்தாகக் குறுக்கிடட்டும். கேபிளின் ஷீல்டை (மின் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) முறுக்கி வால்போல நீட்டி எர்த்தில் கட்டுவது வீண். கிளாம்பில் சுற்றுமுழுக்கப் பிடிக்க வேண்டும். அவ்வப்போது வந்து போகும் என்கோடர் அலாரங்கள் பலவற்றுக்கு இதுவே காரணம். கேபிளை மெக்கர் (இன்சுலேஷன் சோதனைக் கருவி) வைத்துச் சோதிப்பதென்றால் டிரைவைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

செங்குத்து அச்சுக்கு பிரேக் உள்ள மோட்டார் கட்டாயம். அது பிடித்து நிறுத்தி வைப்பதற்கான பிரேக். ஓடும் சுமையை நிறுத்த அல்ல. டிரைவின் பிரேக் சிக்னல் வெளியீடு பொதுவாக 50 மில்லி ஆம்பியர்தான் தாங்கும், பிரேக் காயிலோ 0.3 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நடுவில் ரிலேயும், காயிலுக்கு சர்ஜ் அப்சார்பரும் (திடீர் மின்னழுத்த எழுச்சியை உறிஞ்சும் பாகம்) வேண்டும். பிரேக் பிடிக்கச் சில பத்து மில்லி நொடிகள் ஆகும். அதற்குள் சர்வோ ஆஃப் ஆனால் சுமை கீழே நழுவும். அந்தத் தாமதத்தை பாராமீட்டரில் கொடுங்கள். எஸ்டிஓ (டிரைவில் உள்ள பாதுகாப்பு நிறுத்த வசதி) இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். அது டார்க்கை வெட்டும், சுமையைப் பிடிக்காது. இறங்கும்போது சுமை மோட்டாரை ஜெனரேட்டராக்கும். சிறிய டிரைவுகள் பலவற்றில் உள்ளே ரீஜெனரேட்டிவ் ரெசிஸ்டர் (அப்படித் திரும்பிவரும் மின்சாரத்தை வெப்பமாக்கிக் கழிப்பது) இருப்பதில்லை. வேகம் குறைக்கும் நேரத்தில் மட்டும் ஓவர்வோல்டேஜ் அலாரம் வந்தால் இதைப் பாருங்கள். வெளியே மாட்டும் ரெசிஸ்டரின் ஓம் மதிப்பு கையேட்டின் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக்கூடாது. கேபிள் டக்டிலிருந்து தள்ளி வையுங்கள், நன்றாகச் சூடாகும்.

முதல் ஓட்டம் கப்ளிங்கைக் கழற்றி, ஜாகில் (பட்டனை அழுத்தும்வரை மட்டும் ஓடும் முறை), குறைந்த வேகத்தில். திசையும் லிமிட் சுவிட்சும் சரியென்று தெரிந்தபின் சுமையை மாட்டி ஆட்டோ டியூனிங் (கெயினை டிரைவே அமைத்துக்கொள்வது). ஒரே சுருதியில் சீட்டியடித்தால் எல்லா கெயினையும் இறக்காமல் நாட்ச் ஃபில்டரை (ஒரு அதிர்வெண்ணை மட்டும் அடக்கும் அமைப்பு) அந்த ஒலியின் அதிர்வெண்ணில் வையுங்கள்.

பேட்டரி உள்ள அப்சல்யூட் என்கோடர் (மின்சாரம் போனாலும் நிலையை மறக்காத வகை) என்றால், பேட்டரி மாற்றும் நாளில் கன்ட்ரோல் பவரை அணைக்காதீர்கள். அணைத்துவிட்டு மாற்றினால் சுற்று எண்ணிக்கை அழிந்து, ஹோம் (தொடக்க) நிலையை மறுபடி அமைக்க வேண்டி வரும். பராமரிப்புக்கென்று எல்லா பிரேக்கரையும் இறக்கிவிட்டு வேலை தொடங்கும் பழக்கமுள்ள இடங்களில் டிரைவின் கதவிலேயே இதை எழுதி ஒட்டி வைப்பது நல்லது.

இப்படிக்கு,
எந்திரத் தானியக்கப் பணியிலுள்ள வாசகர்கள் சிலர்